நாலாயிரம் டி.ஓ.வுக்கு நாலாயிரம் ஃபைண்ட் எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திரும்பச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஒரு லாரிப் போக்குவரத்து அலுவலகத்தில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்கேன் செய்த டி.ஓ.க்கள் (டெலிவரி ஆர்டர், சரக்கு ஒப்படைப்புச் சீட்டு), கிட்டத்தட்ட 6 லட்சம் பி.டி.எஃப்., ஒரு லினக்ஸ் சர்வரில் வருடம், மாதம், கிளை என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிடக்கின்றன. கோப்பின் பெயர் டி.ஓ. எண்ணில் தொடங்கி, ஓர் அடிக்கோடு, அப்புறம் தேதி. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு எக்செலில் 4,000 எண்களைக் கொடுக்கிறது. உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு ஃபைண்ட் ஓட்டி, கிடைத்ததை வேறொரு ஃபோல்டருக்கு நகல் எடுத்து, கடைசி வரியில் ஏழு நாளுக்கு முந்தைய பழைய நகல்களை அழிக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. "ஃபைண்டை விட வேகமான கட்டளை எது, லொகேட் போடலாமா, அண்ணன்மார்கள் யாராவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டளையை மாற்றினால் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான் தம்பி. நேரம் போவது வேறு இடத்தில். ஃபைண்ட் என்பது ஃபோல்டர் மரத்தை முழுக்க நடந்து பார்க்கும் நிரல். எண்ணைத் தெரிந்துகொண்டு நேராக அந்தக் கோப்புக்குப் போகும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. நீங்கள் அதை 6 லட்சம் கோப்பின் மேல் 4,000 தடவை நடக்க விடுகிறீர்கள். ஒரு நடைக்கு மூன்றே விநாடி என்று வைத்தாலும் 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வந்துவிட்டதா? பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் பத்துச் சாமான் வாங்கப் போகிறவர், வெங்காயத்துக்காக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லாக் கடையையும் எட்டிப் பார்த்துவிட்டு, வாங்கி, வண்டியில் வைத்துவிட்டு, மறுபடி முதல் கடையிலிருந்து தக்காளிக்காக நடக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே நடையாக நடப்பதுதானே வழக்கம். கிடைத்த உடனே நில் என்று சொல்லும் க்விட் என்கிற விருப்பம் லினக்ஸில் வழக்கமாக வரும் குனு ஃபைண்டில் உண்டு, அதைப் போட்டால் சராசரியாகப் பாதி நடை குறையும். ஆனால் இல்லாத எண்ணுக்கு முழு மரத்தையும் நடந்துதான் தீர வேண்டும், மற்றதற்கும் பாதி நடை அப்படியே மிச்சம் இருக்கும்.

இதை அதிகாரமாகச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சோதனை இயந்திரங்கள் லாட்டுக்கு ஒன்றாக எழுதித் தள்ளும் லாக் கோப்புகளைப் பொறுக்கி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரவு பத்து மணிக்கு ஓடத் தொடங்கி, காலையில் நான் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். ஃபைண்ட் என்ற பெயர் அப்படியே இருக்கிறது, அதன் புராசஸ் எண் மட்டும் சில விநாடிக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது, ஒரு ஃபைண்ட் நீண்ட நேரம் ஓடவில்லை, ஆயிரக்கணக்கான ஃபைண்ட்கள் வரிசையாகப் பிறந்து செத்துக்கொண்டிருக்கின்றன என்று. நீங்களும் இன்று அதைப் பாருங்கள், ஒரு நிமிடம் போதும்.

சரி, எப்படி மாற்றுவது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள். ஃபைண்டை ஒரே ஒரு தடவை ஓட்டி, டி.ஓ. ஃபோல்டரின் கீழ் உள்ள எல்லா பி.டி.எஃப். பாதைகளையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் கொட்டுங்கள். வரிக்கு நூறு எழுத்து என்றாலும் 6 லட்சம் வரிக்கு 60 எம்.பி.தான், இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டைப் எஃப் போடுங்கள், ஃபோல்டர்கள் கலக்காது. நேமுக்குப் பதில் ஐ-நேம் போடுங்கள், ஏனென்றால் சில ஸ்கேனர்கள் பி.டி.எஃப். என்பதைப் பெரிய எழுத்தில் எழுதும். நட்சத்திரக் குறியுள்ள வடிவத்தை மேற்கோள் குறிக்குள் கட்டாயம் வையுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் அது இல்லை. இதுவரை தப்பித்தது, நீங்கள் நின்ற ஃபோல்டரில் பி.டி.எஃப். எதுவும் இல்லாததால். ஒரு நாள் அங்கே ஒன்று கிடந்தால் ஷெல் அந்த நட்சத்திரத்தைத் தானே விரித்து, அந்த ஒரு பெயரைத்தான் ஃபைண்டுக்குக் கொடுக்கும்.

இனி இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, வரிகளில் எழுத்தைத் தேடும் கிரெப். எஃப் விருப்பம் போட்டு எண் பட்டியலைக் கொடுத்தால் வேகமாகத்தான் ஓடும், ஆனால் 1234 என்று தேடினால் 12345-உம் 91234-உம் சேர்ந்து வரும், தேதியில் இருக்கிற இலக்கங்கள்கூட மாட்டும். முழுச் சொல்லாக மட்டும் பார் என்கிற டபிள்யூ விருப்பம் இதைத் தீர்க்கும் என்று நினைப்பீர்கள். தீர்க்காது, கிரெப்புக்கு அடிக்கோடும் சொல்லின் ஒரு பகுதிதான். எண்ணுக்குப் பின்னால் அடிக்கோடு வருகிற உங்கள் பெயர்களில் அது ஒன்றையுமே கண்டுபிடிக்காது. நானாக இருந்தால் ஏ-டபிள்யூ-கே என்று எழுதி ஆக் என்று சொல்கிறோமே, அதை எடுப்பேன். அது முதலில் எண் பட்டியலைப் படித்து ஒவ்வோர் எண்ணையும் அர்ரே எனப்படும் ஓர் அணியில் சாவியாக வைத்துக்கொள்ளட்டும். பிறகு பாதைப் பட்டியலை வரி வரியாகப் படித்து, சாய்கோட்டில் வெட்டினால் கிடைக்கும் கடைசித் துண்டை எடுத்து, அதில் முதல் அடிக்கோட்டுக்கு முன்னால் இருப்பது அந்த அணியில் இருக்கிறதா என்று கேட்கட்டும். இருந்தால் பாதையை அச்சிட்டு, அந்த எண் கிடைத்துவிட்டது என்று குறித்துக்கொள்ளட்டும். முடிவில் குறி விழாத எண்களை வேறொரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவுக்கு உண்மையில் அந்தக் கோப்புதான் தேவைப்படும், எந்த டி.ஓ. இன்னும் ஸ்கேன் ஆகவில்லை என்று அவர்கள் உங்களைத்தானே கேட்பார்கள்? அணியில் தேடுவதற்கு 4,000 எண் இருந்தாலும் 40,000 எண் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். மொத்த ஒப்பீடும் சில விநாடி வேலை.

இதையே பேஷ் என்கிற ஷெல்லின் லூப்பில் எழுதலாமே என்று கேட்டால், எழுதலாம், பேஷ் 4-இலிருந்து அதிலும் சாவி வைத்த அணி உண்டு. ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. பாதையிலிருந்து பெயரை மட்டும் எடுக்க பேஸ்நேம் என்கிற தனி நிரலை ஒவ்வொரு வரிக்கும் கூப்பிடுவார்கள். ஒரு புராசஸ் பிறந்து முடிய ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 6 லட்சம் தடவைக்குப் பத்து நிமிடம், வெறுமனே பிறந்து சாவதற்கே. ஷெல்லுக்குள்ளேயே மாறியின் (வேரியபிள்) பெயரோடு இரண்டு ஹேஷ் குறி போட்டு முன்பகுதியை வெட்டும் வழி இருக்கிறது, அதற்குப் புராசஸ் தேவையில்லை. அப்படி எழுதினாலும் ஆக் அளவுக்கு வேகம் வராது.

எக்செலிலிருந்து வரும் பட்டியலைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் நாளைக்கே திரும்பி வந்து "அண்ணா, ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று எழுதுவீர்கள். விண்டோஸ் டெக்ஸ்ட் கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் இருக்கும், அது எண்ணோடு ஒட்டிக்கொண்டு எந்த எண்ணும் பொருந்தாமல் போகும். டி-ஆர் கட்டளையால் அதை நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள். யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்று சேமித்திருந்தால் கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம். என்று மூன்று பைட் சேர்ந்திருக்கும், அதனால் முதல் எண் மட்டும் மாதாமாதம் காணாமல் போகும். காரணம் புரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பூஜ்யத்தில் தொடங்கும் டி.ஓ. எண்கள் இருந்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும், ஆக்கின் அணியில் 007123-உம் 7123-உம் வேறு வேறு சாவிகள். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைக்கச் சொல்லிக் கணக்குப் பிரிவில் பேசிவிடுவதுதான் வழி. இன்னொன்று, இரண்டு கோப்பில் எதைப் படிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆக்கில் எல்லாரும் என்.ஆர்.உம் (மொத்த வரி எண்) எஃப்.என்.ஆர்.உம் (நடப்புக் கோப்பின் வரி எண்) சமமா என்று பார்ப்பார்கள். எண் பட்டியல் காலியாக இருந்தால் அந்தத் தந்திரம் பாதைப் பட்டியலையே எண் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் முதலில் கோப்பு காலியில்லை என்று சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.

நகல் எடுப்பதிலும் இதே நியாயம்தான், கோப்புக்கு ஒரு சி.பி. (நகல் கட்டளை) ஓட்டாமல் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுங்கள், அது நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரே சி.பி.யிடம் ஒப்படைக்கும். எக்ஸ்ஆர்க்ஸ் சும்மா விட்டால் இடைவெளியிலும் வெட்டும், ஒற்றை மேற்கோளையும் சிறப்புக் குறியாக எடுத்துக்கொள்ளும், ஆகவே வரிமுடிவில் மட்டும் வெட்டு என்று டி (டிலிமிட்டர் என்பதன் முதல் எழுத்து) விருப்பத்தோடு சொல்லுங்கள். இலக்கு ஃபோல்டரை முன்னால் சொல்ல குனு சி.பி.யில் டி (இது டார்கெட் என்பதன் முதல் எழுத்து) என்று ஒரு விருப்பம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு கிளையில் இரண்டு கோப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஒரே சி.பி. ஓட்டத்துக்குள் வந்தால் அது மறுத்துப் பிழை சொல்லும். எக்ஸ்ஆர்க்ஸ் இரண்டு கட்டாகப் பிரித்துக் கொடுத்து இரண்டும் வேறு வேறு ஓட்டத்தில் விழுந்தால், சத்தமே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். பேக்கப் நம்பர்ட் என்கிற விருப்பம் இரண்டையும் காப்பாற்றும். உங்கள் இப்போதைய ஸ்கிரிப்டிலும் இந்த ஓட்டை இருக்கிறது. இத்தனை மாதமாக எத்தனை டி.ஓ. இப்படி மறைந்ததோ, பழைய நகல்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலே மூன்று மணி நேரம் ஒரு சில நிமிடத்துக்குள் வந்துவிடும். இதற்கு மேல் அந்த ஒரு நடையையும் மலிவாக்க வேண்டுமா என்பது உங்கள் டிஸ்கைப் பொறுத்தது. அது எஸ்.எஸ்.டி.யா, சுழலும் டிஸ்கா, வேறு பெட்டியில் இருப்பதை நெட்வொர்க் வழியே மவுண்ட் செய்ததா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இனி சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: பெயரையும் வகையையும் மட்டும் கேட்டால், வழக்கமான லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஃபோல்டரைப் படிக்கும்போதே இரண்டும் சேர்ந்து வந்துவிடும். அளவு, தேதி, உரிமையாளர் என்று கேட்டால்தான் ஒவ்வொரு கோப்பையும் தனியாகத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். குனு ஃபைண்ட் பெயர்ச் சோதனைகளைத் தானே முன்னுக்குத் தள்ளிவிடும் என்றாலும், நீங்களும் பெயரை முதலில் எழுதிப் பழகுங்கள், எல்லா ஃபைண்டும் குனு இல்லை. நடக்க வேண்டாத ஃபோல்டரை ப்ரூன் போட்டு வெட்டுங்கள். இதில் பலர் ஏமாறுவார்கள்: இன்ன பாதை வேண்டாம் என்று மறுப்புக் குறி போட்டு எழுதினால் விடையில் அது வராது, ஆனால் ஃபைண்ட் அதற்குள் போய் நடந்துவிட்டுத்தான் வரும். ப்ரூன் மட்டுமே வாசலிலேயே திருப்பி அனுப்பும். உங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. ஃபோல்டர்கள் வருடம், மாதம் என்று பிரிந்திருக்கின்றன, கணக்குப் பிரிவு கேட்பது பெரும்பாலும் போன இரண்டு மூன்று மாத டி.ஓ.தான். அந்த மாத ஃபோல்டர்களை மட்டும் தொடக்கப் புள்ளியாகக் கொடுங்கள், கிடைக்காத எண்களுக்கு மட்டும் மற்றவற்றைத் தேடுங்கள்.

நெட்வொர்க் மவுண்ட் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு கேள்வியும் கம்பி வழியே போய்த் திரும்ப வேண்டும். அங்கே எந்தத் தந்திரத்தையும்விட, எஸ்.எஸ்.எச். என்கிற தொலை இணைப்பு வழியாகக் கோப்புகள் இருக்கும் பெட்டிக்குள்ளேயே போய் ஃபைண்டை ஓட்டி, பட்டியலை மட்டும் இங்கே கொண்டு வருவதுதான் பலன் தரும். சின்ன நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் பெரும்பாலும் பிஸிபாக்ஸ் என்கிற சுருக்கத் தொகுப்பின் ஃபைண்ட் இருக்கும், அதில் பிரிண்ட்-எஃப் போன்ற குனு வசதிகள் இருக்காது, சாதாரண பிரிண்டே போதும்படி எழுதுங்கள்.

லொகேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது மரத்தை நடப்பதில்லை, அப்டேட்-டி.பி. முன்கூட்டியே எழுதிவைத்த தரவுக் கோப்பைப் பார்க்கிறது, அதனால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வருகிறது. ஆனால் அந்தத் தரவு பொதுவாக நாளுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. இன்று காலை ஸ்கேன் செய்த டி.ஓ. அதில் இருக்காது, கடைசியாகப் புதுப்பித்த பிறகு அழித்தது இன்னும் இருக்கும். நெட்வொர்க் மவுண்ட்களை அது பெரும்பாலும் தவிர்க்கும்படியாகவே அமைப்புக் கோப்பு எழுதப்பட்டிருக்கும். கணக்கு சம்பந்தப்பட்ட ஸ்கிரிப்டில் "இல்லை" என்ற பதிலை நம்ப முடியாவிட்டால் அந்த வேகத்தால் என்ன பயன்? மேலே சொன்ன பாதைப் பட்டியல்தான் உங்களுடைய சொந்த லொகேட், எப்போது எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். ரஸ்ட் மொழியில் எழுதிய எஃப்-டி என்கிற புதிய கருவி பல திரிகளில் (திரெட்) ஒரே சமயத்தில் நடக்கும், கையால் தட்டித் தேட எனக்குப் பிடிக்கும், தினமும் பயன்படுத்துகிறேன். ஸ்கிரிப்டில் போட மாட்டேன். மறைந்த கோப்புகளையும் கிட்-இக்னோர் என்கிற விலக்குப் பட்டியலில் எழுதியவற்றையும் அது கேட்காமலே விட்டுவிடும், டெபியன், உபுண்டுவில் அதன் பெயரே எஃப்-டி-ஃபைண்ட் என்று மாறியிருக்கும், அடுத்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தினமும் முழுப் பட்டியல் எடுக்காமல் புதிதாக வந்ததை மட்டும் சேர்க்க நினைத்தால், நேரத்தைக் குறிக்கும் ஒரு முத்திரைக் கோப்பை டச் கட்டளையால் வைத்து, அதைவிடப் புதியவற்றை மட்டும் கேட்கலாம். முத்திரையை நடை முடிந்த பிறகு வைத்தால், நடக்கும்போது வந்து சேர்ந்த கோப்புகள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும், ஆகவே நடைக்கு முன்னால் புது முத்திரை. இதற்கான நியூவர் விருப்பம் திருத்திய நேரத்தைப் பார்க்கும். கிளையிலிருந்து ஆர்சிங்க் என்கிற நகல் கருவி வழியாகப் பழைய நேரத்தோடே வந்த கோப்பு அதற்குப் பழசாகத் தெரியும். சி-நியூவர் போட்டால் இந்தச் சர்வரில் அது தோன்றிய நேரம் கணக்கில் வரும். உங்கள் அளவுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், 6 லட்சத்தை ஒரு தடவை நடப்பது பெரிய காரியம் இல்லை.

அந்தக் கடைசி வரி, அழிக்கும் வரி, எனக்குப் பயமாக இருக்கிறது. எம்-டைம் கூட்டல் ஏழு என்றால் ஏழு நாளுக்கு மேல் என்று நினைத்திருக்கிறீர்கள். ஃபைண்ட் 24 மணி நேரங்களாக வகுத்து மீதியைத் தள்ளிவிட்டுத்தான் ஒப்பிடும், ஆகவே எட்டு முழு நாள் ஆனால்தான் அது பொருந்தும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஃபைண்ட் சோதனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும் என்பதால் டெலீட் என்பதை நேமுக்கு முன்னால் எழுதிவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்புறம் பெயரைக் கேட்கும். உங்கள் வரிசை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தொடக்கப் புள்ளி ஒரு மாறியில் இருக்கிறது. அது காலியாகி, மேற்கோள் குறியும் இல்லாமல் போனால் குனு ஃபைண்ட் நீங்கள் நிற்கிற ஃபோல்டரிலிருந்து ஆரம்பித்துவிடும். மேற்கோள் போடுங்கள், அழிக்கும் முன் அதே வரியில் டெலீட் இருக்குமிடத்தில் பிரிண்ட் போட்டு ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஊருக்கே உரிய தொல்லைகள் இதில் உண்டு. லினக்ஸில் கோப்புப் பெயரில் சாய்கோடும் நல் என்கிற பூஜ்ய பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் வரலாம், இடைவெளி, வரிமுடிவு உள்பட. ஃபைண்டின் விடையை ஃபார் லூப்புக்குள் அப்படியே கொட்டினால் "ஜாலான் ஈப்போ லாட் 5" என்கிற ஒரு பெயர் நாலு துண்டாகும். டி.ஓ. எண்ணும் தேதியும் மட்டும் உள்ள உங்கள் பெயர்களுக்கு வரிக்கு ஒரு பாதை போதும். மனிதர்கள் கையால் பெயர் வைத்த ஃபோல்டர் என்றால் பாதைகளை நல் பைட்டால் பிரிக்கும் பிரிண்ட்-ஜீரோவும் எக்ஸ்ஆர்க்ஸ்-ஜீரோவும்தான் பாதுகாப்பு. பல்லாண்டு காலம் குனு, பி.எஸ்.டி. வசதியாக இருந்த இவை 2024-இல் வந்த, யூனிக்ஸ் வகை முறைமைகளுக்கான பாஸிக்ஸ் தரத்திலேயே சேர்ந்துவிட்டன. சாய்கோடு வர முடியாது என்றேனே, தொழிற்சாலையில் ஒரு தடவை ஊழியர் பெயருக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். மலாய், சீனப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. நம்மவர்கள் அடையாள அட்டையில் ஏ சாய்கோடு எல் (இன்னாரின் மகன்), ஏ சாய்கோடு பி (இன்னாரின் மகள்) என்று இருக்கிறதே, ஃபோல்டர் உருவாக்கும் எம்கேடிர் கட்டளை, பி விருப்பத்தோடு ஓடியதால், அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டு, ஆளின் பெயரோடு ஏ வரை ஒரு ஃபோல்டரும், அதற்குள் எல் என்று ஆரம்பித்து அப்பா பெயரோடு இன்னொரு ஃபோல்டருமாகப் பிரித்துவிட்டது. இந்திய ஊழியர்களின் கோப்புகள் மட்டும் எந்தத் தேடலிலும் சிக்கவில்லை. எழுதியவனும் ஒரு ஏ-சாய்கோடு-எல் தான் என்பதால் திட்டக்கூட ஆள் இல்லை.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளைத் தேடும் வேலை என்றைக்காவது வரும், அப்போது இது உதவும். யூ.டி.எஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "கி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, டிஸ்கில் 6 பைட். பெயருக்கு உச்சவரம்பு பொதுவாக 255 பைட் என்பதால் ஆங்கிலத்தில் 255 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் 85 குறியீடுதான் கொள்ளும். அதைவிட மோசம் கொ, கோ, கௌ வரிசை. "கொ" என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு வேறு வேறு பைட் வரிசை, ஃபைண்ட் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைக்கும். தொண்டர்கள் ஸ்கேன் செய்த பழைய தமிழ் இதழ்களை அடுக்கிக் கொடுத்தபோது "கொடி" என்று தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல், எல்-எஸ் போட்டால் கண் முன்னே "கொடி" நிற்கிறது, அரை நாள் அதிலேயே போனது. கன்வ்-எம்.வி. என்கிற கருவியால் எல்லாப் பெயரையும் என்.எஃப்.சி. என்கிற சேர்த்த வடிவத்துக்கு ஒரே மாதிரி மாற்றியபின்தான் அடங்கியது. இதே காரணத்தால் ஓகார, ஔகாரப் பெயர்களும் தப்பும், அகர ஆகார இகரப் பெயர்கள் ஒழுங்காகக் கிடைக்கும். பாதி கிடைத்துப் பாதி கிடைக்காமல் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

வேகத்தை அளக்கும்போது ஒரு கவனம். முதல் ஓட்டம் டிஸ்கிலிருந்து படிக்கும், இரண்டாவது ஓட்டம் நினைவகத்தில் தங்கியதிலிருந்து படிக்கும், ஆகவே பழைய ஸ்கிரிப்டை முதலிலும் புதியதைப் பிறகும் ஓட்டிவிட்டு "பத்து மடங்கு" என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவது நேரங்களை ஒப்பிடுங்கள். உங்கள் விஷயத்தில் வித்தியாசம் எப்படியும் பளிச்சென்று தெரியும்.

இன்று இரவே மாற்றி நாளை கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டாம். போன மாதப் பட்டியல் இருக்குமே, பழைய ஸ்கிரிப்ட் அதற்கு எடுத்துக் கொடுத்த கோப்புகளின் பெயர்களை வரிசைப்படுத்தி வையுங்கள், புதியது எடுத்ததையும் வரிசைப்படுத்தி டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அந்த வரிகளை இங்கே ஒட்டுங்கள், எண்களை மட்டும் மறைத்துவிட்டு. சர்வர் எந்த மாதிரி டிஸ்க், மவுண்ட் எப்படி என்பதையும் சேர்த்து எழுதினால் நடையைக் குறைப்பது பற்றி இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.